கால் பங்கு ஜின், முக்கால் பங்கு கணக்கு

சேனல்ல பட்ஜெட் பத்திப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது: "சார், வீக்கெண்ட் டீம் பார்ட்டி செலவை எந்தத் தலைப்புல எழுதுறது? சாப்பாடா, பொழுதுபோக்கா, நெட்வொர்க்கிங்கா?" கேட்கிறவங்க பெரும்பாலும் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்துல படிச்சிட்டு, சென்னையிலயோ பெங்களூர்லயோ முதல் வேலையில இருக்கறவங்க. இப்பல்லாம் அந்த பில்லுல அதிகமா வர்ற பேரு ஜின் அண்ட் டானிக். அதனால இன்னைக்கு அந்த ஒரே ஒரு கிளாஸை எடுத்து ஆடிட் பண்ணிடுவோம்.

என் நிலைப்பாட்டை முதல்லயே சொல்லிடறேன். குடிக்கச் சொல்லி எழுதல, குடிக்காதீங்கன்னு பிரசங்கமும் பண்ணல. அது 21 வயசு தாண்டின உங்க முடிவு. நான் சொல்றது ஒண்ணுதான்: இந்த கிளாஸ்ல சந்தோஷம் தர்ற பொருள்கள் மலிவானவை. விலை ஏத்துற பொருள் கால் பங்குதான். ஆனா உண்மையிலேயே பெரிய செலவு பில்லுலயே வராது. அது எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியாம கிளாஸைத் தூக்காதீங்க.

முதல்ல, கிளாஸ்ல என்ன இருக்கு?

ஜின்னுங்கறது வாசனைப் பொருள் ஏத்தின சாராயம்தான். ஜூனிபர்னு ஒரு மலைச்செடியோட காய் கட்டாயம் இருக்கணும். அதுக்கு அடுத்தபடியா உலகம் முழுக்க அதிகம் சேர்க்கிற பொருள் என்ன தெரியுமா? மல்லி விதை. விருதுநகர் மார்க்கெட்ல மூட்டை மூட்டையா கைமாறுற அதே மல்லிதான். சில கம்பெனிகள் எலுமிச்சைத் தோல், ஏலக்காயும் போடுவாங்க.

டானிக்ங்கறது சோடா, சர்க்கரை, கொஞ்சம் க்வினைன். அந்தக் கசப்பு க்வினைனோடது. இதுலயும் நம்ம ஊருக் கதை இருக்கு. க்வினைன் எடுக்கிற சின்கோனா மரம் தென் அமெரிக்காவுல இருந்து 1860-ல கிளெமென்ட்ஸ் மார்க்கம் மூலமா இந்தியா வந்து, ஊட்டி தொட்டபெட்டாவுலயும் நடுவட்டத்துலயும் அரசுத் தோட்டமா வளர்ந்துச்சு. வால்பாறை பக்கத்துல சின்கோனான்னே ஒரு ஊர் இருக்கு. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்னைக்கு இருந்த பெரிய மருந்து அதுதான். லண்டன்ல எராஸ்மஸ் பாண்ட் 1858-ல டானிக் வாட்டருக்குக் காப்புரிமை வாங்கினாரு.

இதை வச்சு "இது மருந்து மாதிரி, உடம்புக்கு நல்லது"ன்னு பார்ட்டியில ஒருத்தராவது சொல்வாரு. கணக்குப் போட்டுப் பாருங்க. இன்னைக்கு டானிக்ல ஒரு லிட்டருக்கு 83 மில்லிகிராம் க்வினைன்தான் இருக்கலாம்னு அமெரிக்க விதி சொல்லுது. மலேரியாவுக்கு மருந்தாக் கொடுக்கறது ஒரு நாளைக்கு சுமார் 1,800 மில்லிகிராம். அந்த அளவு கிடைக்க 20 லிட்டருக்கு மேல டானிக் குடிக்கணும், அதாவது ஒரு பெரிய வாட்டர் கேன் முழுக்க. மருந்துங்கற சாக்கை இதோட விட்டுடுவோம். போதாக்குறைக்கு, சாதாரண டானிக் 200 மில்லி பாட்டில்ல சுமார் 16 கிராம் சர்க்கரை, அதாவது நாலு ஸ்பூன். கசப்பு அதை மறைச்சிடுது.

ஒழுங்கா கலந்தா எப்படி இருக்கும்?

நல்ல ஜின் அண்ட் டானிக்குக்கு ரகசியம் எதுவும் இல்ல. உயரமான கிளாஸ். அது விளிம்பு வரைக்கும் ஐஸ். நிறைய ஐஸ் போட்டா தண்ணியாப் போயிடும்னு நினைப்போம், நடக்கறது நேர்மாறு. ஐஸ் குறைவா இருந்தாத்தான் அது வேகமா உருகி எல்லாத்தையும் நீர்த்துப் போக வைக்கும். ஜின் ஒரு பங்கு, டானிக் மூணு பங்கு. டானிக் ஃப்ரிட்ஜ்ல நல்லா குளிர்ந்திருக்கணும், அப்பதான் திறந்த கேன். பெரிய பாட்டிலைப் பாதி வச்சிட்டு நாளைக்கு ஊத்தினா வெறும் சர்க்கரைத் தண்ணிதான் மிச்சம். கிளாஸைச் சாய்ச்சு ஓரமா ஊத்துங்க, கேஸ் போகாது. ஒரு துண்டு எலுமிச்சையைப் பிழிஞ்சு உள்ள போட்டு, ஸ்பூனால கீழ இருந்து மேல ஒரே ஒரு தடவை கிளறினாப் போதும்.

இப்ப யோசிங்க. நாக்குல படறது என்ன? குளிர்ச்சி, கேஸ், புளிப்பு, கசப்பு. ஐஸ், டானிக், எலுமிச்சை. ஜின் தர்றது வாசனையும் போதையும். வாசனைக்கு 30 மில்லியே போதும். ஆனா மெனு கார்டுல பெரிய எழுத்துல இருக்கிற பேரும், விலையை நிர்ணயிக்கறதும் அந்தக் கால் பங்குதான்.

இன்னொரு கணக்கு. நம்ம ஊர்ல கிடைக்கிற ஜின் பெரும்பாலும் 42.8 சதவீதம். ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லியில சுத்தமான ஆல்கஹால் சுமார் 20 கிராம். உலக அளவுல ஒரு "டிரிங்க்"னு கணக்கு வைக்கறது 10 கிராம். அப்ப "ரெண்டே ரெண்டுதான் சாப்பிட்டேன்"னு சொல்றவர் நாலு சாப்பிட்டிருக்காரு. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில அறிவிச்சதையும் இதோட சேர்த்து வச்சுக்கோங்க.

பில்லைப் படிக்கக் கத்துக்கோங்க

நம்ம மாநிலத்துல மதுவும் வரியும் அண்ணன் தம்பி. ராஜாஜி 1937-ல சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டுவந்தாரு. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல மதராஸ் பொது விற்பனை வரிச் சட்டம் வந்துச்சு. பின்னாடி வாட், இப்ப ஜிஎஸ்டின்னு நம்ம கட்டுற வரிக்கெல்லாம் ஒரு வகையில மூத்த அண்ணன் அதுதான். அந்த 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னைக்கும் புத்தகத்துல உயிரோட இருக்கு. விற்பனை நடக்கறது அதுல கொடுத்த விலக்குகள் மூலமா. 2003 நவம்பர்ல இருந்து சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கிச்சு. 2024-25-ல ஆயத்தீர்வை, வாட் ரெண்டும் சேர்ந்து மாநில அரசுக்கு வந்தது சுமார் 48,344 கோடி ரூபாய். குடிச்சா நாட்டுக்கு வருமானம்னு ஜோக் அடிப்பாங்களே, அது ஜோக் இல்ல, பட்ஜெட் வரி.

உங்க பில்லுக்கு வருவோம். மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அரசியலமைப்புச் சட்டப் பிரிவு 366(12ஏ)-லயே மனுஷன் குடிக்கிற மதுவை ஜிஎஸ்டிக்கு வெளிய வச்சிருக்காங்க. அதுக்கு மாநில ஆயத்தீர்வையும் வாட்டும்தான். சாப்பாடு, டானிக், சோடாவுக்கு ரெஸ்டாரன்ட்ல பொதுவா 5 சதவீதம் ஜிஎஸ்டி, சில பெரிய ஹோட்டல்கள்ல 18. அப்ப பில்லுல சாப்பாடு தனி, மது தனின்னு ரெண்டு மொத்தம் இருக்கணும். ஜின்னையும் சேர்த்து மொத்தத் தொகைக்கு ஜிஎஸ்டி போட்டிருந்தா கேளுங்க. கேட்கறதுல வெட்கம் இல்ல.

ரெண்டு, சர்வீஸ் சார்ஜ். இது வரி இல்ல. தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில வழிகாட்டுதல் கொடுத்துச்சு. 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும்னு சொல்லியிருக்கு. எடுக்கச் சொன்னா எடுத்தாகணும். பரிமாறின தம்பிக்கு டிப்ஸ் கொடுக்கணும்னு தோணினா கையில கொடுங்க.

மூணு, கடையில வாங்குற டானிக். 2025 செப்டம்பர் 22-ல இருந்து சர்க்கரை, ஃப்ளேவர் சேர்த்த கேஸ் பானங்களுக்கு 40 சதவீதம் ஜிஎஸ்டி. 70 ரூபாய் கேன்ல 20 ரூபாய் வரி. ஒண்ணும் சேர்க்காத வெறும் சோடாவுக்கு 5 சதவீதம்தான். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில உதவும்.

வீட்டுல கலந்தா மிச்சமா?

ஒரு உதாரணக் கணக்கு. எண்களை உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. பார்ல ஒரு கிளாஸ் எல்லாம் சேர்த்து 800 ரூபாய்னு வைப்போம். வீட்டுல 2,000 ரூபாய் ஃபுல் பாட்டில் 750 மில்லி; அதுல 60 மில்லிக்கு 160 ரூபாய். டானிக் 70, ஐஸ், எலுமிச்சைக்கு 10. மொத்தம் 240. ஒரு கிளாஸுக்கு 560 மிச்சம். வாரம் ரெண்டுன்னா வருஷத்துக்கு 58,240. மாசம் சுமார் 4,850.

இந்த இடத்துல எல்லா ஃபைனான்ஸ் சேனலும் என்ன சொல்லும்னு உங்களுக்கே தெரியும். "இதை எஸ்ஐபி போட்டா, 10 சதவீதம் கிடைச்சா, 10 வருஷத்துல 10 லட்சம்!" கணக்கு சரிதான். ஆனா ரெண்டு காரணத்துக்காக நான் அதைச் சொல்ல மாட்டேன்.

முதல் காரணம், செலவு பண்ணாத காசு தானா எஸ்ஐபிக்குப் போகாது. அது ஸ்விகியில போகும், இல்ல புது ஷூவுல போகும். சம்பளம் வந்த ரெண்டாம் தேதியே முதலீட்டைப் பிடிச்சிட்டு, மிச்சத்துல எப்படி வேணா வாழுங்க. அப்படிப் பண்றவருக்கு மாசம் ரெண்டு கிளாஸ் பார்ல குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. பண்ணாதவர் டீ குடிக்கறதை விட்டாலும் பணம் சேராது.

ரெண்டாவது காரணம் முக்கியமானது. பார்ல அந்த 800 ரூபாய் விலையே ஒரு பிரேக். மூணாவது கிளாஸ் கேக்கறதுக்கு முன்னாடி கை ஒரு நிமிஷம் நிக்கும். வீட்டுல ஃபுல் பாட்டில் இருந்தா அந்த பிரேக் கிடையாது. காசு ஏற்கெனவே போயாச்சு, இனி ஊத்துறதெல்லாம் "ஃப்ரீ"ன்னு மனசு நினைக்கும். கிளாஸோட விலை மூணுல ஒரு பங்காக் குறைஞ்சு, கிளாஸோட எண்ணிக்கை மூணு மடங்கானா கணக்கு சமம், உடம்பு நஷ்டம். அதனால மிச்சம் பிடிக்கறதுக்காக வீட்டுல பாட்டில் வாங்காதீங்க. பாண்டிச்சேரியில மலிவுன்னு பெர்மிட் இல்லாம பைக்குள்ள வச்சுக் கொண்டு வர்றதை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. அது சேமிப்பு இல்ல, கேஸு.

சமமாப் பிரிக்கிற பில்

பார்ட்டியில அஞ்சு பேர். மூணு பேர் ஜின், ஒருத்தர் பீர், ஒருத்தர் லைம் ஜூஸ். ராத்திரி 11 மணிக்கு ஒருத்தர் போனை எடுத்து, மொத்தத்தை அஞ்சால வகுத்து ஜிபே ரிக்வெஸ்ட் அனுப்புவாரு. லைம் ஜூஸ்காரர் தலையில 1,900 ரூபாய்.

இதை எழுதும்போது என் மனசுல இருக்கறது நம்ம ஊர்ப் பசங்கதான். அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல, அப்பா பட்டாசு ஆலையில. சனிக்கிழமை சனிக்கிழமை வாரக்கூலி. அந்தக் கூலியில காலேஜ் ஃபீஸ் கட்டி, வீட்டுல முதல் பட்டதாரியா மகனோ மகளோ பெங்களூர் போயிருக்காங்க. அவங்க அந்த டேபிள்ல உக்காந்து "நான் குடிக்கல, ஏன் கொடுக்கணும்?"னு கேக்கத் தயங்குறாங்க. கேட்டா கஞ்சம்னு பேரு வரும், டீம்ல ஒட்ட மாட்டேங்கறான்னு சொல்லுவாங்கன்னு பயம். சில பேரு எப்படியும் காசு கொடுக்கத்தானே போறோம்னு குடிக்கவே ஆரம்பிச்சிடறாங்க. எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். ஒரு பழக்கம் ருசியால ஆரம்பிச்சாக்கூடப் புரிஞ்சுக்கலாம். பில்லு பிரிக்கிற முறையால ஆரம்பிக்கக் கூடாது.

வழி சுலபம். ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடியே, சிரிச்ச முகத்தோட சொல்லுங்க: "சாப்பாடு எல்லாருக்கும் சமம், டிரிங்க்ஸ் அவங்கவங்க." பில்லு வந்ததுக்கு அப்புறம் சொன்னா சண்டை, முன்னாடி சொன்னா விதி. டீம்ல சீனியரா இருக்கறவங்களே, இதை நீங்க முதல்ல சொல்லுங்க. குடிக்காத ஜூனியர் உங்களுக்கு மனசுக்குள்ள நன்றி சொல்வாரு.

பில்லுல வராத செலவு

இப்ப நான் ஆரம்பத்துல சொன்ன பெரிய செலவு. இன்சூரன்ஸ்.

டேர்ம் பாலிசி, ஹெல்த் பாலிசி எதுக்கு விண்ணப்பிச்சாலும் ஒரு கேள்வி வரும்: "மது அருந்தும் பழக்கம் உண்டா? எவ்வளவு?" ஏஜென்ட் அண்ணன் "இல்லைன்னு போடுங்க தம்பி, பிரீமியம் ஏறிடும்"பாரு. எப்பவாவதுதானேன்னு நீங்களும் இல்லைன்னு டிக் பண்ணிடுவீங்க. அந்த ஒரு டிக்தான் உங்க வாழ்க்கையிலயே விலை உயர்ந்த ஜின் அண்ட் டானிக்.

2025 மார்ச்ல உச்ச நீதிமன்றத்துல ஒரு வழக்கு முடிஞ்சுது. ஹரியானாவுல ஒருத்தர் 2013-ல எல்ஐசியோட ஜீவன் ஆரோக்யா எடுத்தாரு. நீண்ட நாள் குடிப்பழக்கத்தைச் சொல்லல. அடுத்த வருஷமே வயித்து வலியில ஆஸ்பத்திரியில சேர்ந்து இறந்துட்டாரு. எல்ஐசி கிளெய்மை மறுத்துச்சு. நுகர்வோர் ஆணையங்கள் எல்லாம் மனைவி பக்கம் தீர்ப்பு சொல்லியும், மறைச்சது மறைச்சதுதான், மறுத்தது சரின்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அவரோட குடிப்பழக்கம் கடுமையானது, உங்களது அப்படி இல்ல, ஒத்துக்கறேன். ஆனா படிவத்துல இருந்த கேள்வி ஒண்ணுதான்.

இன்சூரன்ஸ் சட்டம் பிரிவு 45 படி, ஆயுள் பாலிசி 3 வருஷம் தாண்டிட்டா எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்வி கேக்க முடியாது. ஹெல்த் பாலிசியில தொடர்ந்து 60 மாசம் கட்டியிருந்தா, மோசடின்னு நிரூபிச்சாலே தவிர மறுக்க முடியாது. "அப்ப 3 வருஷம் தாண்டிட்டாப் போதுமே"ன்னு கேக்காதீங்க. அந்த 3 வருஷத்துக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா? நீங்க பாலிசி எடுத்ததே "ஏதாவது ஆச்சுன்னா"ங்கற கேள்விக்குத்தானே.

உள்ளதை உள்ளபடி எழுதுங்க: "மாசம் ரெண்டு தடவை, 60 மில்லி." கம்பெனி பிரீமியத்தை ஏத்தலாம், ஏத்தாமலும் விடலாம். ஏத்தினா, அந்தத் தொகைதான் உங்க பழக்கத்தோட உண்மையான விலை. அதைப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. ஏற்கெனவே "இல்லை"ன்னு போட்டவங்க, கம்பெனிக்கு மெயில்ல எழுதிச் சரிபண்ணிக்கோங்க.

வண்டியும் இதே கதைதான். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினா மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185: முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். அதைவிடப் பெரிசு, போதையில ஓட்டி விபத்தானா வண்டி டேமேஜுக்கான கிளெய்மும், தனிநபர் விபத்துக் காப்பீடும் பெரும்பாலான பாலிசிகள்ல கிடையாது. ஒரு லார்ஜுக்காக மொத்த விபத்துக் காப்பீட்டையும் அடமானம் வைக்கிறீங்க. ஆட்டோவுக்கு 300 ரூபாய் கொடுத்துட்டுப் போங்க. அதையும் கிளாஸோட விலையில சேர்த்து எழுதுங்க.

ஜின் இல்லாத முக்கால் பங்கு

சோடா நம்ம ஊருக்கு வெளியில இருந்து வந்த ஃபேஷன் இல்ல. பொவண்டோ தர்ற காளிமார்க் 1916-ல ஆரம்பிச்சதே விருதுநகர்லதான். அதனால குடிக்காதவங்களுக்கும், ரெண்டாவது கிளாஸை விட நினைக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன்.

ஒரு ஸ்பூன் மல்லி விதையை லேசா நசுக்குங்க, பொடியாக்க வேண்டாம். ஒரு துண்டு நார்த்தங்காய்த் தோல், ஒரு ஏலக்காய். கிளாஸ்ல போட்டு விளிம்பு வரை ஐஸ். எலுமிச்சை பிழிஞ்சு, குளிர்ந்த டானிக்கை ஓரமா ஊத்துங்க. ஜின்னுக்கு வாசனை கொடுக்கிற பாதிப் பொருள்கள் இதுலயே இருக்கு, கசப்பும் இருக்கு. 80 ரூபாய் ஆகும். சர்க்கரையும் 40 சதவீத வரியும் வேண்டாம்னா, வெறும் சோடா ஊத்தி ஒரு சிட்டிகை உப்பு போடுங்க. 30 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். படிவத்துல தைரியமா "இல்லை"ன்னு எழுதலாம், வண்டியையும் நீங்களே ஓட்டலாம்.

பட்ஜெட்ல எங்க எழுதறது?

ஆரம்பக் கேள்விக்கு என் பதில்: சாப்பாடுன்னும் எழுதாதீங்க, நெட்வொர்க்கிங்னும் எழுதாதீங்க. "மது"ன்னு தனித் தலைப்பு போட்டு, கிளாஸ், டிப்ஸ், ஆட்டோ, கூடுதல் பிரீமியம் எல்லாத்தையும் அதுலயே எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு அந்தத் தொகையை வீட்டுக்கு அனுப்புற தொகைக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டையும் பார்த்து உங்களுக்குச் சங்கடமா இல்லைன்னா, தாராளமா ரசிச்சுக் குடிங்க. சங்கடமா இருந்தா, யாரும் சொல்ல வேண்டியதில்ல, என்ன பண்ணணும்னு உங்களுக்கே தெரியும்.

டேர்ம் இன்சூரன்ஸ் படிவத்தை எப்படி நிரப்பறதுன்னு அடுத்த வீடியோவுல ஒவ்வொரு கேள்வியாப் பார்ப்போம்.